காசு கொடுத்தது நான், பூட்டுவது யார்?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன், வயது 61. பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். என்னுடையது ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி. போன மாதம் தஞ்சாவூரிலிருந்து என் தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு பஞ்சாங்கச் செயலியை அனுப்பினாள். அவள் சொல்லித் தந்தபடியே, ஃபோனில் வந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். மறுநாளிலிருந்து வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது. ஆபத்தான செயலி இருக்கிறதாம், நீக்க வேண்டுமாம். 900 வெள்ளி கொடுத்து நான் வாங்கிய ஃபோனில் எது இருக்கலாம், எது கூடாது என்று சொல்ல வங்கி யார்? மகன் ஐஃபோன் வாங்கித் தருகிறேன் என்கிறான். பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகனோ, "அத்தை, அது கூண்டு, உள்ளே போனால் வெளியே வர முடியாது" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது? வரும் ஞாயிற்றுக்கிழமை ஃபோனை முழுவதுமாக அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஆறு வருடமாக எழுதிய கவிதைகள் அதில் ஒரு குறிப்புச் செயலியில் இருக்கின்றன. அவை தானாகத் திரும்ப வந்துவிடும்தானே?

பதில்: வணக்கம் அக்கா. வயதைச் சொல்லிவிட்டீர்கள். நான் உங்களுக்கு ஏழு வயது இளையவன், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

வங்கி, ஐஃபோன் என்று பெரிய கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். என்னைத் திடுக்கிட வைத்தது போகிற போக்கில் கடைசியாகக் கேட்டதுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபோனை அழிக்காதீர்கள். குறிப்புச் செயலி உங்கள் எழுத்தை ஃபோனுக்குள் மட்டும் வைத்திருந்தால், அழித்த பிறகு ஒரு வரிகூடத் திரும்பாது. அதை எப்படிக் காப்பாற்றுவது என்று கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் இன்றைக்கே ஒரு வேலை. ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மகனுடைய ஃபோனிலிருந்து வங்கிக்குப் பேசி, உங்களுக்குத் தெரியாமல் பணம் ஏதும் போயிருக்கிறதா என்று கேளுங்கள். வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும், உங்கள் ஃபோனைத் தொடாமல் அதை எப்படிச் செய்வது என்று அதே அழைப்பில் கேளுங்கள். மோசடியோ என்று சந்தேகம் இருந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். "என் தங்கைதானே அனுப்பினாள்" என்பீர்கள். தங்கையை யார் சந்தேகப்பட்டார்கள்? தங்கைக்கு அதை அனுப்பியவர் யார், அவருக்கு அனுப்பியவர் யார் என்பதுதான் தெரியவில்லை.

நல்ல நேரமும் ராகுகாலமும் சொல்ல ஒரு பஞ்சாங்கத்துக்கு உங்கள் குறுஞ்செய்திகள் எதற்கு? திரையில் தெரிவதையெல்லாம் படிக்கும் உரிமை எதற்கு? அப்படி அனுமதி கேட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வங்கிச் செயலி இப்படி முரண்டு பிடிப்பதைப் பார்த்தால் கேட்டிருக்கும், நீங்களும் "சரி, சரி" என்று அழுத்தியிருப்பீர்கள். வழக்கமாக அந்த மறிப்பு இரண்டும் சேரும்போதுதான் வருகிறது: செயலி அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும், ஆபத்தான அனுமதியும் அதன் கையில் இருக்க வேண்டும்.

அந்த அனுமதிகளில் பெரியதன் பெயர் அணுகல்தன்மை. அது எதற்காக வந்தது தெரியுமா? பார்வையற்றவர்கள் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்காக. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டவும், அவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் ஒரு செயலிக்கு உரிமை தருவது அது. திருடனுக்கும் வேண்டியது அதே இரண்டும்தான்: நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைப் பார்க்க வேண்டும், நீங்கள் தூங்கும்போது "அனுப்பு" என்பதை அழுத்த வேண்டும். நல்ல மனத்தோடு திறந்து வைத்த கதவு. அதை ஒரேயடியாக மூடிவிடவும் முடியாது, மூடினால் அதை நம்பி ஃபோனைப் பயன்படுத்துபவர் தெருவில் நிற்பார்.

2023ஆம் ஆண்டு இங்கே என்ன நடந்தது என்று நினைவிருக்கும். ஃபேஸ்புக்கில் மலிவு விலை டுரியான், கடலுணவு, வீட்டைச் சுத்தம் செய்யும் சேவை என்று விளம்பரம் வரும். விசாரித்தால் வாட்ஸ்அப்பில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். பிறகு "இந்தச் செயலி வழியாக முன்பணம் ஐந்து வெள்ளி மட்டும் கட்டுங்கள்" என்று, ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்று வரும். அந்த ஓராண்டில் மட்டும் ஆண்ட்ராய்டு ஃபோன்களில் தீய நிரல் புகுந்து நடந்த மோசடி என்று 1,899 புகார்கள், குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி இழப்பு. கணக்குப் போட்டால் ஆளுக்குச் சுமார் 18,000 வெள்ளி. உங்களைப் போன்றவர்களின் வாழ்நாள் சேமிப்பும் அதில் உண்டு.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓசிபிசி வங்கிதான் முதலில் தன் செயலியில் இந்த மறிப்பைக் கொண்டுவந்தது. மற்ற வங்கிகள் பின்தொடர்ந்தன. 2024 பிப்ரவரியில் கூகுள், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து இன்னொரு பூட்டைப் போட்டது. உலாவியிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ வரும் செயலி இந்த ஆபத்தான அனுமதிகளைக் கேட்டால் ஃபோனே அதை நிறுவ விடாது. உலகிலேயே முதலில் அதைச் சோதித்துப் பார்த்தது நம் ஊரில்தான். தங்கை சொல்லி நீங்கள் அணைத்தீர்களே, அந்த எச்சரிக்கை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, "வங்கி யார்?" என்ற கேள்விக்கு வருகிறேன். வங்கி உங்கள் வீட்டுக்குள் எது இருக்கலாம் என்று சொல்லவில்லை. "அந்த ஆள் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு நான் வர மாட்டேன்" என்கிறது. அதைச் சொல்ல அதற்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனாலும் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. ஃபோனில் மின்னிலக்க டோக்கன், அதாவது நுழைவது நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் வசதி, வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுதான் வங்கிக் கணக்கில் நுழைய வேண்டும். அந்த டோக்கன் வங்கிச் செயலிக்குள் இருக்கிறது. ஆக, செயலி வராவிட்டால் கணினி வழியாக வங்கிக்குள் போகும் வழியும் அடைபடுகிறது. வேறு வழி இருக்கும்போது ஒருவர் வர மறுப்பது வேறு, அவர் ஒருவர்தான் வழி என்றான பிறகு மறுப்பது வேறு. கிளையில் வரிசையில் நிற்க உடம்பு ஒத்துழைக்காத முதியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பூட்டை நான் எதிர்க்கவில்லை. பூட்டியவர் எதனால் பூட்டினேன், எதை நீக்கினால் திறப்பேன் என்று அவரவர் மொழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் குறை. நம் ஊரில் மொழி நான்கு இருக்கிறது.

இப்போது உங்கள் மகன். ஐஃபோனில் சாதாரணமாக ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டுச் செயலியாகப் போட்டுவிட முடியாது. இங்கே எல்லாம் ஆப்பிள் கடை வழியாகத்தான் வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தியதால் 2024 மார்ச் முதல் வேறு கடைகளையும் அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட சட்டம் நம்மிடம் இல்லை. ஆகவே இந்தப் பஞ்சாங்க விவகாரம் ஐஃபோனில் நடந்திருக்காது, மகன் சொல்வது உண்மை.

ஆனால் 2024இல் சிங்கப்பூரர்கள் மோசடிகளில் இழந்தது மொத்தம் 1.1 பில்லியன் வெள்ளி. அதில் தீய செயலிகளின் பங்கு சிறியது. பெரும்பாலோர் வேலை, முதலீடு, காதல், போலி அதிகாரி என்று ஏதோ ஒரு பேச்சை நம்பித் தம் கையாலேயே பணத்தை அனுப்பியவர்கள். அதற்கு எந்த ஃபோனிலும் பூட்டு கிடையாது. புது ஃபோனுக்கு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி செலவழிப்பதற்கு முன், செலவே இல்லாத ஒன்றைச் செய்யுங்கள். டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்றும் 2023 நவம்பரில் பணத்தின் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தன. பூட்டிய பணம் இணையம் வழியாக நகராது. உங்கள் சேமிப்பில் மாதச் செலவுக்கு மேற்பட்டதை அங்கே போடுங்கள்.

அண்ணன் மகன் சொல்லும் கூண்டைப் பற்றி. பிள்ளை அனுபவித்துச் சொல்கிறானா, படித்துச் சொல்கிறானா தெரியாது. நாமோ தமிழில் எழுதுகிறவர்கள், அனுபவித்திருக்கிறோம். ஐஃபோன் வந்த புதிதில் தமிழ் விசைப்பலகை கிடையாது. வெளியார் யாரும் செய்து தரவும் ஆப்பிள் விடவில்லை. தமிழ் தட்டுவதற்கென்றே இருந்த செல்லினம் போன்ற ஒரு செயலிக்குள் போய்த் தட்டி, நகலெடுத்து, குறுஞ்செய்தியில் கொண்டுவந்து ஒட்டுவோம். "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். 2013இல் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தபோதுதான் ஆப்பிளே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது. அஞ்சல், தமிழ் 99 என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் அதில் இருந்தன. வெளியார் செய்யும் விசைப்பலகைக்குக் கதவு திறந்தது அதற்கும் அடுத்த ஆண்டு. ஆண்ட்ராய்டிலோ 2009 முதலே யார் வேண்டுமானாலும் விசைப்பலகை செய்து தரலாம் என்று இருந்தது. அங்கே தட்டலாம், ஆனால் பல ஃபோன்களில் தமிழெழுத்து வெறும் கட்டங்கட்டமாகத்தான் தெரியும் என்பது வேறு கதை!

ஆப்பிள் அப்படி இழுத்தடித்ததற்கும் ஒரு காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விசைப்பலகை என்பது நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கும். கெட்டவன் கையில் அது உளவாளி. உங்கள் பஞ்சாங்கமும் விசைப்பலகையும் ஒரே வகைக் கதவு வழியாக வருகின்றன, அதுதான் சிக்கல்.

மூடிய வீடு, திறந்த வீடு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவதே இப்போது பழசாகிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு செய்தது. 2026 செப்டம்பரிலிருந்து, கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு ஃபோனில் எந்த வழியாக வரும் செயலியானாலும், அதைச் செய்தவர் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்றது. முதலில் தொடங்கும் நான்கு நாடுகள் பிரேசில், இந்தோனேசியா, தாய்லாந்து, அப்புறம் நாம். நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டிருக்கும் திறந்த மூலச் செயலிகளை விநியோகிக்கும் எஃப்-டிராய்டு தரப்பு கடுமையாக எதிர்த்தது. பிறகு, விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டி நிறுவிக்கொள்ள ஒரு வழி வைப்போம் என்று கூகுள் இறங்கி வந்தது. உங்கள் அண்ணன் மகனுக்கு இதில் கவலை இருந்தால் அந்தக் கவலையில் நானும் பங்கு. பொழுதுபோக்காக எழுதிய செயலியைப் பலருக்கும் கொடுக்க நினைக்கும் மாணவனிடம் அடையாள அட்டையைக் கேட்டால் பாதிப் பேர் எழுதவே மாட்டார்கள். நம் மொழிக்கு ஆரம்பத்தில் கிடைத்த கருவிகளில் பலவும் அப்படிப் பொழுதுபோக்காக எழுதப்பட்டவைதான்.

சிங்கப்பூர் என்றாலே பூட்டும் ஊர் என்று அவன் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். உங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் வரும் கண்ணாடியிழைக் கம்பி ஒரு நிறுவனத்துடையது, அதன்மேல் இணையம் விற்பவர்கள் பலர். நிறுவனத்தை மாற்றினால் சுவரில் மறுபடி துளை போட வேண்டியதில்லை. 2008 ஜூன் முதல் கைத்தொலைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். உடனடியாகப் பணம் அனுப்பும் பேநவ், அதில் சேர்ந்த எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் போகிறது. போட்டி வேண்டும் என்று நினைக்கும் இடத்தில் இந்த ஊர் கதவைத் திறக்கிறது, திருட்டுக்குப் பயப்படும் இடத்தில் மூடுகிறது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பவத்துக்காக மட்டும் ஐஃபோன் வாங்க வேண்டாம். இப்போதைய ஃபோனில் வங்கி இருக்கட்டும், கடையிலிருந்து வருவதைத் தவிர வேறெதுவும் அதில் நுழையக் கூடாது. அண்ணன் மகன் காட்டும் திறந்த செயலிகளில் ஆசை இருந்தால், வீட்டில் கிடக்கும் பழைய ஃபோனில் சிம் இல்லாமல், வங்கி இல்லாமல் போட்டு விளையாடுங்கள். உண்மையில் அவற்றில் அருமையானவை உண்டு. மகன் ஆசையாக வாங்கித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய செயலிகளை அங்கே மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களை மாற்றலாம், ஆனால் புது ஐஃபோனை முதன்முதலில் அமைக்கும்போதே செய்துவிட வேண்டும். உபயோகிக்கத் தொடங்கிவிட்டுப் பிறகு நினைத்தால் தலைவலி.

என்னைக் கேட்டால், ஒரு ஃபோனையோ செயலியையோ எடைபோட நான் முதலில் பார்ப்பது உள்ளே எது வரலாம் என்பதை அல்ல. என்னுடையதை வெளியே எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதைத்தான். இதற்கு ஒரு சொந்தக் கதை உண்டு.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு கணினியில் தமிழ் தட்டக் கற்றுக்கொண்டு, சுமார் இருநூறு பக்கம் தம் நினைவுகளை எழுதினார். முதல் பாதியை, காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் மென்பொருளில் எழுதினார். கணினியின் பின்புறம் ஒரு சின்னப் பூட்டுக்கட்டையைச் செருகினால்தான் அது திறக்கும். அதன் எழுத்துருவில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை அந்த நிறுவனம் வெளியே சொல்லவில்லை. மறு பாதியை திஸ்கி குறியீட்டில் எழுதினார். அது உலகத் தமிழர் பலர் கூடிப் பேசி, எல்லாருக்கும் தெரியும்படி வகுத்தது. அந்த நாளில் தமிழ்க் கணினிக்காரர்கள் ஒரு பொது வழியைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். 1997இல் இங்கே தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாட்டிலும் இதுதான் பேச்சு. அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. பூட்டுக்கட்டை பழுதானதால் மாறினார், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு கோப்புகளைத் திறந்தேன். இரண்டு பாதியுமே புள்ளிகளும் கொம்புகளும் முளைத்த ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. திஸ்கி பாதியை இலவச மாற்றி ஒன்றில் போட்டேன், ஒரு பிற்பகலில் முழுதும், இன்று எல்லாக் கருவிகளும் படிக்கும் யுனிகோடாகிவிட்டது. முதல் பாதிக்கு மாற்றியே கிடைக்கவில்லை. விற்ற நிறுவனமும் இல்லை. அப்பா அச்செடுத்து வைத்திருந்த சில தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் குறி 'க', இந்தக் குறி 'கூ' என்று நானே அட்டவணை போட்டேன். மூன்று மாதம் ஆனது. இன்னும் நாற்பது பக்கம்போல் தப்பும் தவறுமாகக் கிடக்கிறது. கணினிப் பாதுகாப்பில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கே இந்தக் கதி.

அதனால்தான் உங்கள் கவிதைகளைப் பற்றிப் பதறினேன். இப்படிச் செய்யுங்கள். விமானப் பயன்முறையிலேயே இருக்கட்டும். அமைப்புகளில் அணுகல்தன்மைக்குப் போய், பஞ்சாங்கத்துக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட்டு, செயலியை நீக்குங்கள். செயலி நீங்காவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள், கவிதைகளை எடுக்க அது தடையில்லை. குறிப்புச் செயலியின் பட்டியலில் ஏற்றுமதி என்றோ கோப்பாகச் சேமி என்றோ ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வெறும் உரைக் கோப்பாக எடுங்கள். அந்தச் செயலி மட்டுமே திறக்கும் வடிவம் வேண்டாம். கம்பி போட்டு மகனுடைய கணினிக்கு அந்த உரைக் கோப்பை மட்டும் மாற்றி, அங்கே திறந்து தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஏற்றுமதியே இல்லை என்றால், ஒவ்வொரு கவிதையாக நகலெடுத்து ஓர் உரைக் கோப்பில் ஒட்ட வேண்டியதுதான். அதுவும் விடவில்லை என்றால், அண்ணன் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவன் ஃபோனால் உங்கள் திரையைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் தட்டிக்கொள்ளலாம். அவனுக்கும் அத்தையின் கவிதைகளைப் படிக்க ஒரு வாய்ப்பு.

எண்ணிப் பாருங்கள், ஒன்றும் விடுபடவில்லை என்று உறுதியான பிறகு, புகைப்படங்களையும் அதேபோல் எடுத்துவிட்டு, ஃபோனை அழியுங்கள். ஒரு ஞாயிறு போதாது, இரண்டு ஆகலாம். அதுவரை ராகுகாலம் பார்க்கத் தேக்காவில் தினசரி காலண்டர் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். அது எந்த அனுமதியும் கேட்காது.